போர்வைக்குக் கறுப்புத் துணி: நிறமா, சாயமா?

துணிக்கடையில் சிவப்பு கேட்டால் “எந்தச் சிவப்பு?” என்று திருப்பிக் கேட்பார்கள். அரக்கா, குங்குமமா, செங்கல்லா, மிளகாய்ப்பழமா என்று நாமும் சொல்லுவோம். கறுப்பு கேட்டால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கைக்கு எட்டிய சுருளை உருவி, அளந்து, கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். உள்பாவாடைக்கும் பைக்கும் அது போதும். கில்ட் தைப்பவருக்குப் போதாது.

கில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகம் மேலே, பஞ்சு விரிப்பு நடுவில், முழுத் துணி அடியில். மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் போர்வை முழுக்க ஓடும். அதில் வைத்த ஒரு கறுப்புச் சதுரம் நாலு பக்கமும் வேறு வேறு நிறங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். அவற்றோடு சேர்ந்து நனையும், சேர்ந்து காயும், சேர்ந்தே நாற்பது ஐம்பது ஆண்டு கிடக்கும். சட்டையில் சாயம் போனால் அந்தச் சட்டையோடு நட்டம் முடிந்தது. கில்ட்டில் போனால் பக்கத்து வெள்ளையும் கெட்டுவிடும். கறுப்பை மட்டும் தனியே பிரித்துத் துவைக்க வழியில்லை.

பூவோ கோடோ இல்லாத பிளெயின் கறுப்பைப் பற்றி கில்ட் தைப்பவர்கள் பேச ஆரம்பித்தால் ‘யாருடைய கறுப்பு அதிகக் கறுப்பு?’ என்ற இடத்திலேயே பேச்சு சுற்றிச் சுற்றி வரும். எனக்கு அந்தக் கேள்வி இரண்டாம் பட்சம். கறுப்பை நிறமாகப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன், நானும் ஏமாந்திருக்கிறேன். பார்த்து வாங்க வேண்டியது சாயத்தை. இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பழங்கதைக்குப் போக வேண்டும்.

பருத்தியைக் கறுப்பாக்குவது சாயக்காரர்களுக்குப் பல நூற்றாண்டுத் தலைவலி. சிவப்புக்குச் சாயவேர் உண்டு, நீலத்துக்கு அவுரி உண்டு. கறுப்பை அப்படி நேரடியாக எடுத்துவிட முடியவில்லை. இரும்பையும் துவர்ப்பையும் சந்திக்கவைத்துத்தான் அதை உண்டாக்கினார்கள். நம் சோழமண்டலக் கரையின் கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவது இப்படித்தான்: துணிக்கு முதலில் கடுக்காயும் பாலும் ஊட்டுவார்கள்; இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவிட்ட நீரால் அதன்மேல் கோடு இழுத்தால், இழுத்த இடம் கறுக்கும். அந்தப் பூந்துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறி இங்கிலாந்திலும் ஹாலந்திலும் படுக்கை விரிப்பாயின. பஞ்சு வைத்து கில்ட்டாகவும் தைக்கப்பட்டன. அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய துணிகள் சிலவற்றில் சிவப்பும் நீலமும் அப்படியே இருக்கின்றன. கறுப்புக் கோடு ஓடிய தடம் மட்டும் அரித்து உதிர்ந்திருக்கிறது. இரும்பு நிறத்தைக் கொடுக்கும். கொடுத்த கையோடு பருத்தியை மெல்லத் தின்னவும் தொடங்கும்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க கில்ட்டுகளிலும் இதே சேதம். நூறு துண்டுகளில் தொண்ணூறு நன்றாக இருக்க, கறுப்பும் கரும்பழுப்பும் இருந்த இடங்களில் உள்ளே இருக்கும் பஞ்சு எட்டிப்பார்க்கும். பட்டின் கதை இன்னும் மோசம். 1880களில் அமெரிக்க வீடுகளில் பட்டும் வெல்வெட்டும் கோணல்மாணலாகச் சேர்த்துத் தைக்கும் ‘கிரேஸி கில்ட்’ மோகம் பரவியது. பட்டு எடைக்கு விலைபோகும் சரக்கு. பசை நீக்கும்போது அதன் எடை குறையும். குறைந்ததை ஈடுகட்ட வெள்ளீய உப்பும் இரும்பு உப்பும் ஏற்றினார்கள். அடர்நிறத்தில் மறைத்து ஏற்றுவது சுலபம் என்பதால் கறுப்புப் பட்டுக்குத்தான் அதிகம் ஏறியது. இன்று அவற்றைத் தொட்டால் காய்ந்த வாழைச்சருகு போல நொறுங்குகின்றன.

மெக்சிகோவின் கம்பேச்சே கரையிலிருந்து வந்த லாக்வுட் மரச் சாயம் இன்னொரு வழி. சாயம் நிற்கவில்லை, ஏமாற்றுச் சரக்கு என்று சொல்லி இங்கிலாந்து நாடாளுமன்றம் 1581இல் அதைத் தடைசெய்தது; 1662இல்தான் தடை நீங்கியது. கறுப்புச் சாயம் கழுவினால் போகிறது என்ற புகார் நம் காலத்து வாஷிங் மெஷினோடு பிறந்ததல்ல.

1863இல் லங்காஷயரின் ஜான் லைட்ஃபுட் அனிலின் கறுப்புக்குக் காப்புரிமை பெற்றார். நூலின் மேலேயே வேதிவினை நடத்தி உண்டாக்கும் கறுப்பு அது. கழுவினால் போகாது. வினையைச் சரியாக அடக்காவிட்டால் நூல் நைந்துபோகும், காலப்போக்கில் பச்சையும் தட்டும். 1893இல் பிரெஞ்சுக்காரர் ரேமோன் விடால் கந்தகக் கறுப்பைக் கொண்டுவந்தார். மலிவு, கெட்டி, கறுப்பு ஜீன்ஸ் துணிக்கு இன்றும் இதுவே. நெடுநாள் அலமாரியில் கிடந்தால் கந்தகம் அமிலமாகி நூலை வலுவிழக்கச் செய்வது இதன் குறை. பிளீச்சிங் பவுடரைக் கண்டால் இதற்கு ஆகவே ஆகாது.

கறுப்பை கில்ட்டின் நடுவே கம்பீரமாக உட்காரவைத்த பெருமை ஆமிஷ் பெண்களுக்கு. பூப்போட்ட துணியை உடுத்தாத, மின்சாரத்தைத் தள்ளிவைத்த கிறிஸ்தவச் சமூகம் அவர்களுடையது. ஆமிஷ் கில்ட் என்றாலே கறுப்பு என்று பலர் நினைப்பது முழு உண்மையல்ல. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் மெல்லிய கம்பளித் துணியில் ஊதாவும் சிவப்பும் பச்சையும்தான் ஓங்கி நிற்கும், கறுப்பு அபூர்வம். மேற்கே ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டிக்கும் இந்தியானாவுக்கும் போனால்தான் பருத்தியில் கறுப்புப் பின்னணி பரவலாகக் கிடைக்கும். அந்தக் கறுப்பின் மேல் ஓர் இளநீலமோ வாடாமல்லியோ வைத்தால், அது உள்ளிருந்து விளக்கேற்றியது போலத் தெரியும். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் பழைய கில்ட்டுகளை ஓவியங்கள்போலச் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். படுக்கையில் கிடந்ததை நிமிர்த்தி வைத்துப் பார்த்த கண்கள் அதன் பிறகு பிளெயின் துணியைத் தேடத் தொடங்கின. இன்று கில்ட்டுக்கென்றே பிளெயின் துணியை வரிசை வரிசையாக நிறுவனங்கள் விற்பதற்கு அந்தச் சுவருக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது கில்ட் கடைகளில் கிடைக்கும் பருத்திக் கறுப்பு பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம் தோய்த்தது. ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீஃபன் என்ற இருவர் 1954இல் கண்டறிய, 1956இல் ‘புரோசியான்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்த குடும்பம் இது. பழைய சாயங்கள் நூலில் ஒட்டிக்கொண்டோ ஒளிந்துகொண்டோ இருந்தன. இது நூலோடு வேதிப்பிணைப்பே கொள்கிறது. பிணைந்த சாயம் லேசில் போகாது.

பிறகு ஏன் புதுக் கறுப்பை நனைத்தால் வாளித் தண்ணீர் மை ஆகிறது? கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்கிறவர் வீட்டில் புதுக் கறுப்பு வேட்டியின் முதல் அலசலைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். தொட்டியில் விட்ட சாயம் முழுவதும் நூலோடு பிணைவதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடே வினை புரிந்து, பிணையும் சக்தியை இழந்து, துணியில் சும்மா உட்கார்ந்திருக்கும். இளநிறத்துக்கு நூறு கிலோ துணிக்கு அரைக் கிலோ சாயம்கூட வேண்டியிருக்காது. கறுப்புக்கு நாலைந்து கிலோ, சில வேளை அதற்கும் மேல். சும்மா உட்கார்ந்திருக்கும் பங்கும் அந்த அளவுக்குப் பெருகும். அதைக் கொதிநீரில் பலமுறை அலசித் துரத்துவது ஆலையின் வேலை. தண்ணீரும் விறகும் நேரமும் பிடிக்கும் வேலை. எனவே முதலில் கைவைக்கப்படுவதும் அதில்தான். இரண்டு கறுப்புத் துணிகளுக்கு இடையே உள்ள உண்மையான வித்தியாசம் பெரும்பாலும் சாயத்தொட்டியில் இல்லை, அதன் பிறகு நடந்த அலசலில் இருக்கிறது. கடையில் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த அலசல் தண்ணீர் எங்கே போகிறது என்பது திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரியாக்டிவ் சாயத்தை நூலின் பக்கம் தள்ளத் தொட்டியில் உப்பு கொட்ட வேண்டும். நிறம் அடர அடர உப்பும் கூடும். நொய்யல் ஆறு கெட்டது நிறத்தால் மட்டுமல்ல, இந்த உப்பாலும்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பின்னால் இருந்த கணக்குகளில் கறுப்பின் பங்கு சிறியதாக இருக்காது.

சாயம் போகாமலிருக்க வீட்டில் செய்யும் வைத்தியங்களில் முதலிடம் கல்லுப்புக்கு. அடுத்தது வினிகர். அமெரிக்கப் பாட்டிகளும் இதையே சொல்கிறார்கள் என்பது வேடிக்கை. உப்பு, சாயமேற்றும்போது உதவுகிற பொருள். ஏற்றி முடிந்த துணியில் சும்மா இருக்கும் சாயத்தை அது பிணைக்காது. ரியாக்டிவ் சாயம் பிணைவதற்கு வேண்டியது காரத்தன்மை, வினிகரோ அமிலம். உப்புநீரில் அன்றைக்குச் சாயம் குறைவாக வெளியேறுவது போலத் தெரியும். அது அடுத்த துவைப்புக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். நூலோடு பிணையாமல் ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கும் மலிவான டைரக்ட் சாயத் துணிக்கு வேண்டுமானால் சாயம் நிறுத்தும் மருந்து என்று விற்கிற திரவம் பயன்படும். ரியாக்டிவ் துணிக்குச் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: சும்மா இருப்பதை வெளியே விரட்டுவது. கைபொறுக்காத சூட்டில், நிறையத் தண்ணீரில், கொஞ்சம் சலவைத் திரவம் விட்டு ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரைக் கஞ்சத்தனமாக வைத்தால் வெளியேறிய சாயம் மறுபடி துணியில்தான் போய் உட்காரும்.

துணியைத் தைக்கும் முன் நனைக்க வேண்டுமா, வேண்டாமா? கில்ட் உலகில் இது தீராத வழக்கு. கடைத்துணியின் விறைப்பு வெட்டுவதற்கு வசதி, நனைத்தால் அது போய்விடும் என்பார்கள் ஒரு தரப்பினர். மற்ற நிறங்களுக்கு அவர்கள் கட்சியில் நானும் உண்டு. கறுப்புக்கு மட்டும் கிடையாது. என் முதல் கறுப்பு வெள்ளைப் போர்வையை நனைக்காமல் தைத்தேன். மாலையில் துவைத்துக் கொடியில் மடித்துப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் வெள்ளைச் சதுரங்கள் நாவல்பழம் தின்ற நாக்காக இருந்தன. தண்ணீரில் மூழ்கியிருந்த நேரத்தைவிட, ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கிடந்த இரவில்தான் சேதம் நடந்திருக்கிறது. பஞ்சு வைத்த துணி காய நேரமாகும் என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை.

ஆய்வகங்களில் உரசல் சோதனை என்று ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 105 எக்ஸ்12 என்ற தரமுறைப்படி, வெள்ளைப் பருத்தித் துண்டை 9 நியூட்டன் அழுத்தத்தில் பத்து முறை சாயத்துணியில் தேய்த்து, வெள்ளையில் ஏறிய கறையைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். உலர்ந்த நிலையில் நல்ல மதிப்பெண் வாங்கும் கறுப்பு, ஈரத்தில் தேய்த்தால் திணறும். இதை வீட்டிலேயே செய்யலாம். ஈரவெள்ளைத் துணியை விரலில் சுற்றிப் பத்து முறை தேய்க்க வேண்டியதுதான். அத்தோடு நிறுத்தக் கூடாது. இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைச் சுடுதண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் எடுத்து, மடித்த வெள்ளைத் துணிமேல் வைத்து அப்படியே காயவிட வேண்டும். என்னைக் கவிழ்த்தது எதுவோ அதையே சின்ன அளவில் நடத்திப் பார்ப்பது இது. நான் நம்புவது இந்த இரண்டாம் சோதனையை.

சாயம் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு நிறத்துக்கு வரலாம். அண்டங்காக்கையின் கறுப்பில் நீலம் மினுங்கும். எருமையின் கறுப்பில் பழுப்பு ஓடும். அடுப்பில் ஏறி இறங்கிய மண்சட்டியின் கறுப்புக்குப் பளபளப்பே கிடையாது. துணியிலும் இந்த ஜாதிகள் எல்லாம் உண்டு. ரியாக்டிவ் கறுப்புகளில் அதிகம் புழங்கும் ‘பிளாக் 5’ தனியாகப் பார்த்தால் ஆழ்ந்த கருநீலம்தான். அதோடு ஆரஞ்சோ சிவப்போ அளவாகக் கலந்துதான் கறுப்பாக்குகிறார்கள். கலவை ஒரு முடி பிசகினால் நீலமோ பச்சையோ சிவப்போ தலைகாட்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே எண்ணுள்ள கறுப்பு, இந்த மாதம் வாங்கியதும் ஆறு மாதம் கழித்து வாங்கியதும் ஒத்துப்போகாமல் இருப்பதன் காரணமும் இதுதான். அடுத்தடுத்து வைக்கும்வரை தெரியாது. வைத்துவிட்டால் அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. எனவே போர்வைக்கு வேண்டிய கறுப்பை, ஓரப் பட்டிக்கு வேண்டியதையும் சேர்த்து, ஒரே சுருளிலிருந்து ஒரே நாளில் வாங்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மீட்டரை மிச்சம் பிடிப்பது எந்த நிறத்தில் செல்லுபடியானாலும் கறுப்பில் செல்லாது.

கறுப்பின் சாய்வைத் தனியாகப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மூன்று நான்கு கறுப்புத் துண்டுகளை ஓரம் தொட அடுக்கி, கடைவாசலில், வெயில் நேரே படாத பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடைக்குள் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்தவை வாசலில் உறவை முறித்துக்கொள்ளும். நான் செய்யும் இன்னொரு தந்திரம்: துண்டுகளைச் செல்போனில் படமெடுத்து, வெளிச்சத்தை நன்றாகக் கூட்டிப் பார்ப்பது. கண்ணுக்கு ஒளிந்த நீலமும் பழுப்பும் அப்போது தாமாக வெளியே வரும். எந்தச் சாய்வு நல்லது என்றால், பக்கத்தில் எதை வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீலம், வெள்ளி, தூய வெள்ளைக்கு நீலச்சாய்வு. மஞ்சள், காவி, தந்த வெள்ளைக்குப் பழுப்புச்சாய்வு.

அடர்த்தியில் சாயத்தின் பங்கு பாதிதான், மீதி நூலும் நெசவும். எவ்வளவு சாயம் ஏற்றினாலும் இழையின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் வெள்ளொளி திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும். ஈரத்துணி அதிகக் கறுப்பாகத் தெரிவது, தண்ணீர் அந்தத் திரும்பலைக் குறைப்பதால். வெல்வெட்டின் கறுப்பு கண்ணை விழுங்குவது, அதன் மயிர்க்காட்டுக்குள் ஒளி வழிதவறிப் போவதால். பருத்தி பிளெயின் நெசவில் இதற்கு எதிரி பிசிறு. நாலு முறை துவைத்ததும் நூலின் குட்டை இழைகள் தலைநீட்டி ஒளியைச் சிதறடிக்கும். “சாயம் வெளுத்துப்போச்சு” என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு சாயம் வெளுத்ததல்ல, பிசிறு நரைத்தது. நீள இழைப் பருத்தியில், சீவிய நூலில் நெய்த துணி இதைத் தாங்கும். மெர்சரைஸ் செய்த நூல் சாயத்தை ஆழமாக வாங்கும், கூடவே ஒரு மினுக்கும் சேரும். அந்த மினுக்கு பிடிக்குமா என்பது அவரவர் பாடு. ஸாட்டின் நெசவை நான் தவிர்ப்பேன். ஒரு துண்டு நெட்டாகவும் பக்கத்துத் துண்டு குறுக்காகவும் அமைந்தால் இரண்டும் இரண்டு கறுப்பாகும்.

அச்சிட்ட கறுப்பை வாங்காமலிருக்க ஒரு வழி போதும்: புரட்டிப் பார்ப்பது. தோய்த்த துணி இரு பக்கமும் ஒன்றாக இருக்கும். அச்சிட்டதின் முதுகு சாம்பல்.

நிறுவனங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ராபர்ட் காஃப்மன் நிறுவனத்தின் ‘கோனா’ கனமான நெசவு, ஊசித்துளையைத் தாங்கும். அதில் ‘பிளாக்’ போக, ‘பெப்பர்’ என்ற பெயரில் சற்று மிருதுவான மிளகுக் கறுப்பும் உண்டு. மோடாவின் ‘பெல்லா’ பலரின் பழகிய தேர்வு. ஆர்ட் காலரியின் பிளெயின்கள் மெல்லியவை, வழவழப்பானவை; கையால் தைப்பவருக்கு ஊசி வழுக்கிக்கொண்டு போகும். இவை எல்லாமே சுமார் 44 அங்குல அகலம். நம் ஊர் நல்ல பாப்ளினும் சோதனையில் தேறினால் தாராளமாகச் சேர்க்கலாம். பாலியெஸ்டர் கலப்பு மட்டும் வேண்டாம். இஸ்திரியில் மடிப்பு படியாது.

தைக்கும்போது கறுப்பு கேட்கும் மரியாதைகள் சில. வெள்ளைப் பஞ்சு விரிப்பு வைத்தால் அதன் இழைகள் ஊசித்துளை வழியே ஏறிவந்து கறுப்பின் மேல் தாடி முளைத்தது போல நிற்கும். கறுப்புப் பஞ்சு விரிப்பு கிடைக்கிறது; ஆனால் போர்வையில் வெள்ளைத் துண்டுகள் மிகுந்திருந்தால் அவை அடியிலிருந்து சாம்பல் பூத்துவிடும், அங்கே வெள்ளை விரிப்போடுதான் காலம் தள்ள வேண்டும். தையல் விளிம்பைக் கறுப்பின் பக்கமே மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைக்கு அடியில் நிழல் விழும். இஸ்திரியை மேற்பக்கம் நேராக அழுத்தினால் மினுக்கம் ஏறும். பின்பக்கமாகவோ மேலே ஒரு துணி போட்டோ தேய்ப்பது நல்லது. கோடு போட விலையுயர்ந்த வெள்ளைப் பேனாக்கள் விற்கிறார்கள். நம் தையற்காரர்கள் வைத்திருக்கும் தேய்ந்த சோப்புச் சில்லு அவற்றுக்குச் சளைத்ததல்ல. முதல் துவைப்பில் தானே போய்விடும்.

அதிகக் கறுப்பான துணிக்கும் சாயம் நிற்கும் துணிக்கும் இடையே ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், இரண்டாவதை எடுங்கள். கடைக்குப் போகும்போது வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை நனைத்துப் பிழிந்து பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுருளின் ஓரத்தில் பத்து முறை தேய்த்துப் பார்க்க விடாத கடைக்காரரிடம் பூப்போட்ட துணி வாங்குங்கள்; கறுப்பு வாங்காதீர்கள்.